காடையும் ஆய்வு விலங்குதான்: நெறிக்குழு உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

விலங்கு ஆய்வு நெறிக்குழுக்களில் பணியாற்றும் அனைவருக்கும்,

வணக்கம்.

குரங்கையோ நாயையோ பயன்படுத்த அனுமதி கேட்டு ஒரு விண்ணப்பம் வந்தால் வரிக்கு வரி படிக்கிறீர்கள். எலி என்றால்கூட, கூண்டின் அளவு என்ன, வலி நீக்க மருந்து எது, எந்த வம்சவழி என்று கேட்பதற்குப் பழகிப்போன கேள்விகள் உங்களிடம் இருக்கின்றன. ஜப்பானியக் காடை என்று வரும்போது மட்டும் பக்கங்கள் வேகமாகப் புரள்கின்றன. "கோழிக்கான விதிமுறைகள் பின்பற்றப்படும்" என்று ஒரு வரி இருந்தால் போதும், கையெழுத்து விழுந்துவிடுகிறது. காடைக் கூடங்களில் வேலை பார்த்துப் பழகியவன் நான். அந்த ஒரு வரியை இனிமேல் ஏற்றுக்கொள்ளாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். காடை சின்ன உருவம் எடுத்த கோழி அல்ல. அப்படி நினைத்து நடத்தும்போது பறவையும் வதைபடுகிறது, ஆய்வும் கெட்டுப்போகிறது.

காடை ஆய்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பறவையிடமிருந்து நாம் பெற்றிருப்பதை அறிந்தவன் யாரும் அப்படி லேசாகச் சொல்லிவிட முடியாது.

பாம்பே (Pompe) நோயை எடுத்துக்கொள்ளுங்கள். உடலில் ஒரு நொதி குறைவதால் தசைகளில் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரை தேங்கிக்கொண்டே போகும் பரம்பரை நோய் அது. கைக்குழந்தைகளுக்கு வந்தால் இதயத் தசை வீங்கி, சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலும் முதல் பிறந்தநாளுக்கு முன்பே உயிர் போய்விடும். இதே நொதிக் குறைபாட்டோடு பிறக்கும் ஒரு காடை வழி ஆய்வகங்களில் இருந்தது. அந்தப் பறவைகளை மல்லாக்கப் படுக்க வைத்தால் திரும்பி எழ முடியாது, சிறகைத் தூக்க முடியாது. டியூக் பல்கலைக்கழகக் குழு, ஆய்வகத்தில் தயாரித்த மனித நொதியை அவற்றுக்கு ஊசி மூலம் செலுத்திப் பார்த்து 1998இல் முடிவை வெளியிட்டது. மருந்து பெற்ற காடைகள் தாமாகப் புரண்டு எழுந்தன. அவற்றில் ஒன்று ஒரு மீட்டருக்கும் மேல் உயரே பறந்தது. அந்த நொதிச் சிகிச்சை 2006இல் மனிதர்களுக்கான மருந்தாக அனுமதி பெற்றது. அந்த மருந்தால் வளர்ந்து நடமாடும் குழந்தைகள் இன்றைக்கு இருக்கிறார்கள்.

கருவியலில் இந்தப் பறவையின் பங்கு இதைவிடப் பெரியது. பிரான்சில் நிக்கோல் லெ துவாரென் 1969இல் ஒன்றைக் கவனித்தார். காடை உயிரணுவின் உட்கருவில், சாயம் ஏற்றினால் திட்டாகத் தெரியும் அடர்ந்த பொருள் ஒன்று இருக்கிறது. கோழி உயிரணுவில் அது இல்லை. காடைக் கருவிலிருந்து ஒரு துளித் திசுவை எடுத்துக் கோழிக் கருவில் ஒட்டவைத்தால், அந்த உயிரணுக்கள் உடலுக்குள் எங்கெங்கே போய்ச் சேர்கின்றன என்று ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். புற நரம்புகள், தோலின் நிறமி உயிரணுக்கள், அட்ரினல் சுரப்பியின் உட்பகுதி, முகத்து எலும்புகள் எல்லாம் நரம்பு முகடு (கருவின் முதுகுப்புறத்தில் அமையும் ஒரு பகுதி) என்ற ஒரே இடத்திலிருந்து புறப்பட்டுப் போனவை என்ற பெரிய வரைபடம் இப்படித்தான் உருவானது. பின்னால் 1988இல், காடைக் கருவின் மூளைப் பகுதிகளைக் கோழிக் கருவில் மாற்றிப் பொருத்தினார்கள். அந்தக் கோழிக் குஞ்சுகள் காடையின் பாணியில் கூவின. பிறவிக் குணம் என்று நாம் சொல்லும் ஒன்று மூளையின் எந்தப் பகுதியில் உட்கார்ந்திருக்கிறது என்று கை வைத்துக் காட்டிய சோதனை அது.

ஹார்மோன் ஆய்வைப் பற்றி இரண்டு வரி. இனப்பெருக்க ஹார்மோன் சுரப்பைத் தட்டி அடக்கும் ஒரு மூளைப் புரதத்தை ஜப்பானில் கசுயோஷி ட்சுட்சுயியின் குழு 2000இல் முதலில் கண்டது காடையின் மூளையில்தான். அதன் உறவுக்காரப் புரதம் பாலூட்டிகளிலும் இருக்கிறது என்று அப்புறம் தெரிய வந்தது.

சரி, இவ்வளவுக்கும் காடை ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது? ஆய்வக விலங்காக இதை முன்வைத்த பாட்ஜெட், ஐவி இருவரின் கட்டுரை 1959இல் சயன்ஸ் இதழில் வந்தது. அவர்கள் கண்ட வசதிகள் இன்றைக்கும் அப்படியேதான். முட்டை பொரிய 17 நாள் போதும். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் குஞ்சு முழுப் பறவையாகி முட்டையிடத் தொடங்கிவிடும். நல்ல வெளிச்சம் கொடுத்தால் பெண் காடை கிட்டத்தட்ட தினமும் ஒரு முட்டை இடும். ஒரே ஆண்டில் மூன்று, நான்கு தலைமுறைகளைப் பார்க்கலாம். எடை நூறு சொச்சம் கிராம்தான். இடமும் தீவனமும் கோழிக்கு ஆவதில் சிறு பங்கு.

அதே 1959இல்தான் வில்லியம் ரஸ்ஸலும் ரெக்ஸ் பர்ச்சும் மாற்றீடு (விலங்குக்கு மாற்று தேடுவது), குறைப்பு (எண்ணிக்கையைக் குறைப்பது), மேம்படுத்தல் (வதை குறையும்படி முறையைத் திருத்துவது) என்ற மூன்று கொள்கைகளை முன்வைத்தார்கள். உங்கள் குழுக்கள் நிற்கும் அடித்தளமே அதுதான். இரண்டும் ஒரே ஆண்டில் பிறந்தும் காடையை அந்தக் கொள்கை இன்னும் சரியாக வந்து தொடவில்லை என்பதுதான் என் வருத்தம்.

சட்டங்களைப் பாருங்கள். அமெரிக்காவின் விலங்கு நலச் சட்டத்தில் 2002இல் வந்த திருத்தம், ஆய்வுக்கென்று வளர்க்கப்படும் பறவைகளை "விலங்கு" என்ற வரையறையிலிருந்தே வெளியே வைத்தது. ஐரோப்பாவில் 1986ஆம் ஆண்டு நெறிமுறையில் காடையின் பெயர் இருந்தது. ஆய்வுக்கென்றே வளர்த்த காடைகளைத்தான் வாங்க வேண்டும் என்று அது சொன்னது. அதற்குப் பதிலாக 2010இல் வந்த நெறிமுறையின் பட்டியலில் சுண்டெலி முதல் வரிக்குதிரை மீன் வரை இருக்கின்றன, காடை இல்லை. முன்பு ஐரோப்பாவின் ஆய்வு விலங்குப் புள்ளிவிவரத்தில் காடைக்குத் தனி வரிசை இருந்தது. இப்போது அது "பிற பறவைகள்" என்ற பொதுக் குவியலுக்குள் போய்விட்டது. எத்தனை காடைகள் பயன்பட்டன, எதற்குப் பயன்பட்டன என்று தெரியாதபோது, குறைத்தோமா கூட்டினோமா என்று யார் எப்படிச் சொல்வது? எண்ணப்படாத உயிருக்குக் குறைப்புக் கொள்கை வெறும் பேச்சு.

சட்டம் விட்ட இடத்தில் நீங்கள் பிடிக்கலாம். உங்கள் நிறுவனத்தின் பதிவேட்டில் காடைக்குத் தனி வரிசை வைக்க எந்தச் சட்டமும் தடை சொல்லவில்லை. பயன்பட்ட பறவைகளின் எண்ணிக்கையோடு, பொரிந்தபின் தேவையில்லை என்று கொல்லப்பட்ட குஞ்சுகளின் எண்ணிக்கையையும் அதில் எழுதச் சொல்லுங்கள். ஆண் மட்டுமோ பெண் மட்டுமோ தேவைப்படும் ஆய்வுகளில் மற்றப் பாதி என்ன ஆனது என்ற கேள்விக்கு விண்ணப்பங்களில் பெரும்பாலும் விடை இருப்பதில்லை.

இனி கூண்டைப் பற்றி. இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

காடை தரையில் வாழும் பறவை. பயந்தால் முதலில் பதுங்கும், முடியாதபோது நேர் செங்குத்தாக மேலே எம்பும். புல்வெளியில் அதன் உயிரைக் காப்பாற்றும் இந்தப் பழக்கம், கம்பிக் கூரை போட்ட கூண்டில் மண்டையை உடைக்கிறது. உச்சந்தலைத் தோல் கிழிந்து, சமயத்தில் எலும்பு தெரிய நிற்கும் காடைகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். கூரை ஒன்று, எம்புவதற்கு வேகம் கிடைக்காதபடி தாழ்வாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தாராளமாக உயர்ந்து, மேலே மென்மையான வலை கட்டியதாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் உள்ள உயரம்தான் ஆபத்து. கோழிக்கான கூண்டை அப்படியே காடைக்குக் கொடுத்தால் பெரும்பாலும் அந்த நடு உயரம்தான் அமைகிறது.

பரப்பளவில் உள்ள வேறுபாடு இன்னும் திகைக்க வைக்கும். அமெரிக்க ஆய்வகங்கள் பின்பற்றும் வழிகாட்டி ஒரு காடைக்கு 0.25 சதுர அடி, அதாவது சுமார் 0.023 சதுர மீட்டர் போதும் என்கிறது. ஐரோப்பிய நெறிமுறையின்படி 150 கிராம் வரை எடையுள்ள காடைகளுக்கு அடைப்பின் குறைந்தபட்ச அளவே 1 சதுர மீட்டர். சோடியாக வைத்தால் ஒவ்வொன்றுக்கும் 0.5 சதுர மீட்டர். கூட்டத்தில் மேற்கொண்டு சேர்க்கும் ஒவ்வொரு பறவைக்கும் 0.10 சதுர மீட்டர். அதே பறவை, அதே ஆய்வு, இடம் மட்டும் நான்கு மடங்குக்கு மேல் மாறுகிறது. இந்த இரண்டு கூண்டுகளிலிருந்தும் வரும் முடிவுகளை ஒரே அட்டவணையில் போட்டு ஒப்பிடுகிறோம். குறைந்த அளவை அனுமதிக்கும் இடத்தில் நீங்கள் இருந்தாலும், அது அடித்தளம்தான், அதற்கு மேல் போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

தரை எப்படி இருக்கிறது என்றும் கேளுங்கள். கம்பி வலைத் தரையில் காடையால் புழுதிக் குளியல் போட முடியாது. உடலைச் சாய்த்து, சிறகால் மண்ணை வாரி இறகுக்குள் இறைத்து, பிறகு உதறி எழும் அந்தச் செயல் அதற்கு இன்றியமையாதது. மண்ணே கிடைக்காத கூண்டிலும் வெறும் கம்பியில் படுத்துக்கொண்டு காடை அதே அசைவுகளைச் செய்யும். ஒரு தட்டில் மணலோ மரத்தூளோ, பதுங்க ஒரு மூடாக்கு. இவ்வளவுதான் செலவு. குஞ்சுகளுக்குத் தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட வேண்டும், இல்லையென்றால் மூழ்கிச் செத்துப்போகும். இது வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனாலும் விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

இப்போது நான் மிகவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். காடையைக் கையில் பிடித்து மல்லாக்கப் போட்டு லேசாக அழுத்திவிட்டால், கையை எடுத்த பிறகும் அது அசையாமல் கிடக்கும். சில நொடிகள் கிடக்கலாம், பல நிமிடங்களும் கிடக்கலாம். அனுபவமில்லாதவர்கள் இதைப் பார்த்து "சாதுவாக இருக்கிறது", "கையாள எளிது" என்று குறித்துவைக்கிறார்கள். அது சாதுத்தனம் அல்ல. வேட்டையாடும் விலங்கின் பிடியில் சிக்கிய இரை கடைசியாகக் கையாளும் தற்காப்பு. அச்சம் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நேரம் அசைவின்மை நீளும். பிரான்சில் இந்த ஒரு குணத்தை மட்டும் வைத்து நீண்ட நேரம் கிடப்பவை, குறுகிய நேரம் கிடப்பவை என்று இரண்டு காடை வழிகளைத் தேர்ந்தெடுத்து வளர்த்து, பறவைகளின் அச்சத்தைப் பற்றி நிறைய கற்றுக்கொண்டார்கள். இந்த அறிவு இவ்வளவு காலமாக நம்மிடம் இருக்கிறது. இருந்தும் நச்சுத்தன்மைச் சோதனையின் அறிகுறிப் பட்டியலில் "அமைதியாக உள்ளது" என்ற கட்டத்தில் குறியிடுகிறோம். இரையாகும் பறவை தன் நோயை வெளிக்காட்டாது. சுற்றி ஆள் நிற்கும்போது நன்றாக இருப்பதுபோல் நிற்கும், ஆள் போனதும் தொய்ந்துவிடும். கேமரா வழியே பார்க்காமல் நேரில் நின்று மட்டும் பார்த்த குறிப்புகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்று உங்கள் குழு கேட்க வேண்டும்.

ஒளியைப் பற்றியும் இதேபோல் ஒரு கேள்வி உண்டு. குறுகிய பகலில் இருந்த ஆண் காடையை நீண்ட பகலுக்கு மாற்றினால் சில வாரங்களில் விந்தகம் நூறு மடங்குக்கும் மேல் பெரிதாகும். முதல் நீண்ட பகலின் முடிவிலேயே மூளையில் ஹார்மோன் மாற்றம் தொடங்கிவிடுகிறது. மூளைக்கும் அதன் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பிக்கும் இடையில் இந்தச் செய்தி எப்படிக் கடத்தப்படுகிறது என்பதை தகாஷி யோஷிமுராவின் குழு 2003லும் 2008லும் காடையில்தான் விளக்கியது. அதற்கும் முன்பு, பிரையன் ஃபாலெட்டும் ஷார்ப்பும் 1969இல் காட்டியது நமக்கு நேரடியாகத் தேவையானது. நீண்ட இருளுக்கு நடுவே, சரியான மணி நேரத்தில் விழும் சிறிது நேர வெளிச்சமே நீண்ட பகல் என்று காடையின் உடலை நம்பவைத்துவிடும். அப்படியானால் இரவில் கூடத்தைப் பார்வையிட வரும் பணியாளர் போடும் விளக்கு என்ன செய்யும்? ஹார்மோன் அளவிடும் ஆய்வு என்றால் அந்த விளக்கு முடிவையே மாற்றக்கூடும். விளக்கு எத்தனை மணிக்கு எரிந்தது, எத்தனை மணிக்கு அணைந்தது, நடுவில் யாராவது போட்டார்களா என்ற பதிவு இல்லாத ஆய்வில் பறவைகளின் உயிர் வீணாகத்தான் போகிறது.

இதே துறை மேம்படுத்தலுக்கு ஒரு நல்ல வழியையும் காட்டியிருக்கிறது. ஆண் காடையின் கழிவாய்க்கு மேலே நுரை சுரக்கும் ஒரு சுரப்பி புடைத்து நிற்கும். அதன் அளவு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனோடு சேர்ந்து ஏறி இறங்கும். ஒரு வெர்னியர் அளவியால் அரை நிமிடத்தில் அளந்துவிடலாம். பறவையைக் கொன்று விந்தகத்தை எடைபோட வேண்டும் என்று எழுதிவரும் விண்ணப்பங்களில் எத்தனைக்கு இந்த அளவீடே போதும் என்று கேட்டுப் பாருங்கள்.

முட்டைக்குள் இருக்கும் உயிரைப் பற்றி என்ன முடிவு எடுத்திருக்கிறீர்கள்? ஐரோப்பிய நெறிமுறை பாலூட்டிகளின் கருவை, வளர்ச்சியின் கடைசி மூன்றில் ஒரு பங்குக் காலத்தில் பாதுகாக்கிறது, பறவைக் கருவைத் தொடுவதில்லை. பிரிட்டன் சட்டமோ பறவைக் கருவுக்கும் அதே கடைசி மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்திருக்கிறது. காடைக்கு அது ஏறக்குறைய பதினோராம், பன்னிரண்டாம் நாளிலிருந்து தொடங்கும். என் சொந்தக் கருத்தைச் சொல்கிறேன்: பிரிட்டன் செய்ததுதான் சரி. பொரிவதற்கு முந்தைய நாட்களில் காடைக் கருக்கள் முட்டைக்குள்ளிருந்தே டிக் டிக்கென்று ஒலி எழுப்புகின்றன. அருகே உள்ள முட்டைகள் அதைக் கேட்டுத் தம் வேகத்தைக் கூட்டிக்கொள்ள, கூட்டில் உள்ள எல்லாம் ஏறத்தாழ ஒன்றாகப் பொரிகின்றன. மார்கரெட் வின்ஸ் 1960களில் இதை ஆராய்ந்து காட்டினார். வட அமெரிக்காவின் பாப்வைட் காடைக் கருக்கள், முட்டைக்குள் இருக்கும்போது கேட்ட தாயழைப்பைப் பொரிந்த பின் அடையாளம் காண்கின்றன. கேட்கவும் கற்கவும் முடிந்த ஓர் உயிரை "திசு" என்று படிவத்தில் எழுத அனுமதிக்காதீர்கள். கோழியோடு காடைத் திசுவைச் சேர்த்த கலப்பு உயிர்களைப் பொரிக்கவிடும் திட்டங்களில் கூடுதல் கவனம் வேண்டும். பொரிந்த பிறகு கோழியின் நோய் எதிர்ப்பு அமைப்பு அந்தக் காடைத் திசுவைத் தாக்க ஆரம்பிக்கும். எந்த அறிகுறி தெரிந்தால் ஆய்வை முடித்துக்கொள்வார்கள் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இதோடு சேர்த்து ஒன்று. கருணைக்கொலைக்குக் கரியமில வாயு என்று எழுதியிருந்தால், குஞ்சுகளுக்கு எந்தச் செறிவு என்று தனியே கேளுங்கள். முட்டைக்குள் அந்த வாயுவுக்குப் பழகிய உடல் அது. வளர்ந்த பறவைக்குப் போதுமான அளவு குஞ்சுக்குப் போதாது, அதன் தவிப்பு நீளும்.

காடைகள் அதிகம் சாகும் இடங்களில் ஒன்று பூச்சிக்கொல்லிச் சோதனை. ஓஇசிடி என்ற பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் 205ஆம் சோதனை நெறிமுறை 1984இல் வந்தது. நஞ்சு கலந்த தீவனத்தை ஐந்து நாள் கொடுத்து, மேலும் மூன்று நாள் பார்த்து, எத்தனை செத்தன என்று எண்ணும் முறை. 2010இல் வந்த 223ஆம் நெறிமுறை, வாய்வழி ஒரே தடவை நஞ்சு கொடுக்கும் சோதனைக்கானது; அது ஒரு கட்டத்தின் விடையைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டத்தைத் தீர்மானிக்கச் சொல்கிறது. அதனால் குறைவான பறவைகளோடு விடை கிடைக்கிறது. ஒவ்வொரு திட்டத்திலும் ஏன் இந்த எண்ணிக்கை என்று கேட்க உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது. எந்தப் பறவைக்காக இந்தக் காடை சாகிறது என்ற கேள்வியும் வேண்டும். டிடிடி பூச்சிமருந்தால் முட்டை ஓடு மெலிந்து கழுகு, வல்லூறு இனங்கள் அழிவின் விளிம்புக்குப் போயின. ஆனால் அந்த ஓடு மெலிதல் கோழி, காடை வகைகளில் பெரிதாக ஏற்படுவதில்லை. காடையை மட்டும் வைத்துப் பார்த்திருந்தால் அந்த ஆபத்து தெரிந்தே இருக்காது. பிடிக்கவே முடியாத தகவலைப் பிடிக்க ஒரு பறவையைக் கொல்வதற்கு எந்த நியாயமும் கிடையாது. உயிரணு அளவில் விடை கிடைக்கும் கேள்விகளுக்கு க்யூடி6 போன்ற, ஆய்வகத்தில் வளர்க்கும் காடை உயிரணு வழிகள் 1970களிலிருந்தே கிடைக்கின்றன.

கடைசியாக, வம்சவழி. நெருங்கிய உறவுக் கலப்பைக் காடை தாங்காது. உடன்பிறந்தவற்றை இணைத்துக்கொண்டே போனால் சில தலைமுறைகளிலேயே பொரிப்பும் உயிர்ப்பும் சரிந்து வழி அற்றுப்போகும். சுண்டெலியைப் போல உலகம் முழுக்க ஒரே மாதிரியான உள்ளினக் கலப்பு வழி காடையில் அமையாததற்கு இதுதான் காரணம். பெரிய மஞ்சள் கரு இருப்பதால் பறவை முட்டையை உறைய வைத்துச் சேமிக்கவும் முடியாது, வழியைக் காப்பாற்றப் பெரும்பாலும் உயிருள்ள மந்தைதான் தொடர்ந்து வேண்டும். ஓர் ஆய்வாளர் ஓய்வு பெற்று, கூடத்துக்கான பணம் நின்றால், பல பத்தாண்டு உழைப்பில் உருவான வழி சில மாதங்களில் போய்விடும். "காடைகள் பயன்படுத்தப்பட்டன" என்று மட்டும் சொல்லும் கட்டுரையை வேறொருவர் திரும்பச் செய்து பார்க்கவும் வழியில்லை. எங்கிருந்து வந்த மந்தை, எத்தனை தலைமுறை மூடிய மந்தை, ஆண் பெண் விகிதம் என்ன என்பதை அனுமதியின் நிபந்தனையாகவே சேருங்கள்.

1990 மார்ச்சில் மிர் விண்வெளி நிலையத்தில் காடை முட்டைகள் பொரிந்தன. எடையற்ற நிலையில் காலூன்ற இடமில்லாமல் மிதந்த அந்தக் குஞ்சுகளால் தாமாகத் தீவனம் கொத்த முடியவில்லை. பொரிக்குமா என்ற கேள்விக்கு விடை கிடைத்தது. பொரிந்த பிறகு அவை எப்படி வாழும் என்ற கேள்வி எவ்வளவு முன்கூட்டிக் கேட்கப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

அந்தக் கேள்வியை உரிய நேரத்தில் கேட்கும் பொறுப்பு உங்கள் குழுவிடம் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் ஒரு காடை விண்ணப்பம் மேசைக்கு வந்தால், கூரை உயரம், தரை, ஒளிப் பதிவு, மந்தையின் வரலாறு, மிஞ்சும் குஞ்சுகளின் கணக்கு, கருவின் வயது, முடித்துக்கொள்ளும் அறிகுறி ஆகியவற்றுக்கு எழுத்தில் விடை கேளுங்கள். பறவை மருத்துவம் தெரிந்த ஒருவர் உங்கள் குழுவில் இல்லையென்றால் வெளியிலிருந்து ஒருவரை அழையுங்கள். விடை வரும் வரை கையெழுத்தை நிறுத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
காடைகளோடு வேலை பார்க்கும் ஒருவன்